டீசல் காரின் வடிகட்டியைக் கழற்றினால் கரி எங்கே போகிறது?

டீசல் கார் வைத்திருப்பவர் எவரும் இந்த யோசனையை ஒரு நாள் கேட்காமல் தப்ப முடியாது: "அந்த டிபிஎஃப்பைக் கழற்றிப் போட்டுடுங்க சார், அப்புறம் தொல்லையே இருக்காது." டிபிஎஃப் என்பது புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வண்டி இழுக்காது. புது வடிகட்டிக்குச் சொன்ன விலை கண்ணைக் கட்டியிருக்கும். அந்த நேரத்தில் இப்படி ஒருவர் சொன்னால் காதுக்கு இதமாகத்தான் இருக்கும். செலவு குறைவு, வேலை ஒரே நாளில் முடிந்துவிடும், விளக்கும் அணைந்துவிடும்.

ஆனால் வடிகட்டி பெரும்பாலும் தானாக அடைபடுவதில்லை. எஞ்சினில் வேறெங்கோ இருக்கும் கோளாறோ, வண்டியை ஓட்டும் விதமோதான் அதை அடைக்கிறது. கழற்றிவிட்டால் அந்தக் கோளாறு அப்படியேதான் இருக்கும், அதைக் காட்டிக்கொடுத்த பாகம் மட்டும் போய்விடும். அதுவரை ஒரு டப்பாவுக்குள் சிக்கி எரிந்துகொண்டிருந்த கரி, தெருவில் நடப்பவர்களின் நுரையீரலுக்குப் போகும். இந்த வேலையைச் செய்து தருபவர்களும் செய்துகொள்பவர்களும் இந்த இரண்டையும் பேசுவதே இல்லை. பேசியாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டீசலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சாமான்?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் ப்ளக் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தினால் அது கொதிக்கச் சூடாகிறது. அதற்குள் டீசலைப் பீய்ச்சியதும் தானாகப் பற்றிக்கொள்கிறது. பீய்ச்சிய டீசலின் நடுப்பகுதியில் எரிபொருள் அதிகம், காற்று போதாது. அங்கே அரைகுறையாக எரிந்து கரி உண்டாகிறது. ஓரப்பகுதியில் காற்று தாராளம், வெப்பமும் உச்சத்தில் இருக்கும். அங்கே காற்றில் சும்மா இருந்த நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. வெப்பத்தைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், கரி கூடும். வெப்பத்தைக் கூட்டினால் கதை தலைகீழ். எஞ்சினுக்குள்ளேயே இரண்டையும் ஒருசேர அடக்க முடியாததால்தான் வெளியே இத்தனை உபகரணங்கள் மாட்ட வேண்டியிருக்கிறது.

பெட்ரோல் காரில் இருக்கும் மூவழி வினையூக்கி இங்கே கைகொடுக்காது. டீசல் புகையில் ஆக்சிஜன் எப்போதும் மிச்சம் இருக்கும். ஆக்சிஜன் மிஞ்சிய புகையில் அந்த வினையூக்கியால் நைட்ரஜன் ஆக்சைடைப் பிரிக்க முடிவதில்லை. ஆகவே டீசலில் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இஜிஆர் வால்வு புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து மறுபடி எஞ்சினுக்குள்ளேயே அனுப்புகிறது. ஆக்சிஜன் குறைவதால் எரியும் வெப்பம் தணிந்து, நைட்ரஜன் ஆக்சைடு பிறக்கும்போதே குறைகிறது. மிச்சத்தை எஸ்சிஆர் பார்த்துக்கொள்கிறது: 32.5 சதவீத யூரியா கலந்த நீரை, அதாவது ஆட்ப்ளூவை, சூடான புகையில் தெளித்தால் அது அம்மோனியாவாகிறது. அந்த அம்மோனியா வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடுகிறது. கரியைப் பிடிப்பது டிபிஎஃப் எனப்படும் கரித்துகள் வடிகட்டி. அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜனேற்ற வினையூக்கி கார்பன் மோனாக்சைடையும் எரியாத டீசலையும் எரித்துத் தள்ளுகிறது.

கழற்றச் சொல்லும் பட்டியலில் முதலிடம் எப்போதும் வடிகட்டிக்குத்தான். எனவே அதை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

சைலன்சர் பாதையில் இருக்கும் அந்த உலோக உருளையை நீளவாக்கில் அறுத்தால் உள்ளே சிலிக்கான் கார்பைடு அல்லது கார்டியரைட் என்ற பீங்கான் போன்ற பொருளில் செய்த தேனடை தெரியும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஆயிரக்கணக்கான சதுரக் குழாய்கள். பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் ஒன்றுக்கு முன்முனை அடைத்திருக்கும், அடுத்ததற்குப் பின்முனை அடைத்திருக்கும். உள்ளே வந்த புகைக்கு நேராக வெளியேற வழியில்லை, நுண்துளைகள் நிறைந்த சுவரை ஊடுருவித்தான் பக்கத்துக் குழாய்க்குப் போக வேண்டும். அந்தத் துளைகள் கரித்துகளைவிடப் பல மடங்கு பெரியவை. அப்படியும் கரி மாட்டிக்கொள்கிறது, காரணம் அத்தனை சிறிய துகள்கள் நேர்கோட்டில் போகாமல் அலைந்து திரிந்து சுவரில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய கரியே மெல்லிய படலமாகி அடுத்து வருவதைப் பிடிக்கிறது. கொஞ்சம் கரி படிந்த வடிகட்டி புத்தம்புதியதைவிட நன்றாகவே வடிகட்டும். நல்ல நிலையில் இருக்கும் வடிகட்டி, துகள்களை எண்ணிப் பார்த்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை பிடித்துவிடுகிறது.

இப்படிப்பட்ட வடிகட்டியை 2000-ஆம் ஆண்டில் பெஜோ 607 காரில் வழக்கமான பாகமாகப் பொருத்தி விற்கத் தொடங்கினார்கள். ஐரோப்பாவின் யூரோ 5 விதி துகள் எடையின் வரம்பைக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமுக்கு இறக்கியது. 2011 தொடக்கத்திலிருந்து அங்கே விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது பொருந்தியது. வடிகட்டி இல்லாமல் அந்த வரம்பைத் தொடுவது நடைமுறையில் முடியாத காரியம். பிறகு எடையோடு எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: கிலோமீட்டருக்கு 60 ஆயிரம் கோடி துகள்களுக்கு மேல் கூடாது. கேட்பதற்குப் பெரிய எண்ணாக இருக்கலாம். வடிகட்டி இல்லாத டீசல் கார் விடும் எண்ணிக்கைக்கு முன்னால் அது மிகச் சிறியது.

பிடித்த கரியை என்ன செய்கிறது?

பலரும் தவறாகப் புரிந்துவைத்திருப்பது இந்த இடத்தைத்தான். "பிடித்து வைத்துக்கொண்டு, ஹைவேயில் போகும்போது மொத்தத்தையும் வெளியேதானே கொட்டுகிறது? அதற்கு அப்போதைக்கப்போது விட்டுவிட்டால் என்ன?" என்று விவரம் தெரிந்தவர்கள்கூடக் கேட்கிறார்கள். கரி கரியாக வெளியே போவதில்லை. உள்ளேயே எரிந்து கரியமில வாயுவாகித்தான் போகிறது. அந்தச் சுத்திகரிப்பு நடக்கும் சில நிமிடங்களில் துகள் எண்ணிக்கை கூடுவது உண்மை. ஆனால் அதையும் கணக்கில் சேர்த்து முழுப் பயணத்துக்கும் சராசரி எடுத்தால்கூட, வடிகட்டி இல்லாத காரின் பக்கத்தில் அதை வைக்கவே முடியாது.

கரி எரிய 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். நீண்ட தூரம் சீரான வேகத்தில் ஓடினால், அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிடும். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. அது போதாதபோது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் தானே களத்தில் இறங்குகிறது. சிலிண்டரில் எரிப்பு முடிந்த பிறகு தாமதமாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சும். அது எரியாமல் வினையூக்கிவரை போய் அங்கே எரிந்து, வடிகட்டியைச் சூடேற்றும். ரீஜெனரேஷன் என்று சொல்வது இதைத்தான். பத்து இருபது நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்தில் ஐட்லிங் கொஞ்சம் ஏறியிருக்கும், சூட்டு வாடை வரும், வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்.

விளக்கு எதுவும் எரியாததால் பலருக்கு இது நடப்பதே தெரியாது. வீட்டு வாசல் வந்துவிட்டது என்று சாவியைத் திருப்பிவிடுவார்கள். மறுநாள் மறுபடி தொடங்கும், மறுபடி பாதியில் நிற்கும். ஒவ்வொரு முறையும் தாமதமாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் ஆயிலில் இறங்கிக் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் இதுதான் பெரும்பாலும் காரணம். டீசல் கலந்து நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளையும் டர்போவையும் காக்காது.

எரிக்கவே முடியாத ஒன்றும் உள்ளே சேர்கிறது: சாம்பல். எஞ்சின் ஆயிலில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் போன்றவை சிறுகச் சிறுக எரிந்து குழாய்களின் கடைசி முனையிலிருந்து நிரம்பி வரும். இதற்காகவே குறைந்த சாம்பல் தரும் ஆயில் வகைகள் இருக்கின்றன. காரின் கையேட்டில் ஆயில் குறியீடாக அது அச்சிட்டிருக்கும். பாகுத்தன்மை எண்ணை மட்டும் பார்த்து, அந்தக் குறியீட்டைப் பார்க்காமல் வேறு ஆயில் ஊற்றினால் வடிகட்டியின் ஆயுள் சுருங்கிவிடும். சரியான ஆயிலோடு ஓடினால் சாம்பல் நிரம்ப லட்சம் கிலோமீட்டருக்கு மேலேயே ஆகும். நிரம்பினாலும் கழற்றிச் சூளையில் சுட்டு, எதிர்த்திசையில் காற்றையோ நீரையோ செலுத்தி வெளியேற்றலாம்.

அடைப்புக்கான மற்ற காரணங்களைத் தேடினால் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களில்தான் போய் நிற்கும். தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் எஞ்சின் முழுச் சூட்டை எட்டாது. சூடாகாத எஞ்சினில் கம்ப்யூட்டர் ரீஜெனரேஷனைத் தொடங்கவே தொடங்காது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டைச் சொல்லும் சென்சாரின் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் கணக்கே தப்பாகும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் சொட்டினாலோ, டர்போவிலிருந்து வரும் காற்றுக்குழாய் கிழிந்திருந்தாலோ, இஜிஆர் வால்வு மூடாமல் நின்றுவிட்டாலோ கரி இரண்டு மூன்று மடங்காக வரும். சில கார்களில் டேங்கில் டீசல் ரிசர்வுக்கு வந்துவிட்டாலே சுத்திகரிப்பு நின்றுவிடும். ஸ்கேனரை மாட்டி, பிழைக் குறியீட்டோடு நேரடி அளவீடுகளையும் பொறுமையாகப் படிக்கும் மெக்கானிக் இவற்றைக் கண்டுபிடித்துவிடுவார். குறியீட்டை மட்டும் படித்துவிட்டு "டிபிஎஃப் போச்சு" என்று சொல்பவரிடம் போனால் வண்டிக்காரருக்கு இரண்டே வழிதான் காட்டப்படும்: புதிதாக வாங்கு, அல்லது கழற்றிப் போடு.

கழற்றுவது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. உருளையை இறக்கி, பக்கவாட்டில் ஓட்டை போட்டு, அந்தத் தேனடையைக் கம்பியால் இடித்து நொறுக்கிக் கொட்டிவிட்டு, வெற்று டப்பாவை வெல்டிங் வைத்து மூடி மறுபடி மாட்டிவிடுகிறார்கள். சிலர் வினையூக்கியையும் சேர்த்தே காலி செய்வார்கள். இஜிஆர் என்றால் நடுவில் ஒரு தகட்டை வைத்து வழியை அடைத்துவிடுவது. எஸ்சிஆர் என்றால் யூரியா தெளிப்பதாகக் கம்ப்யூட்டரை நம்பவைக்கும் ஒரு சிறிய பெட்டியை ஒயரிங்கில் சொருகுவது.

இரும்பு வேலை முடிந்ததும் மென்பொருள் வேலை தொடங்கும். டப்பா காலியாக இருப்பதை அழுத்த சென்சார் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், கம்ப்யூட்டரின் நிரலை வெளியே எடுத்து, வடிகட்டி தொடர்பான சோதனைகளையும் பிழைக் குறியீடுகளையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறார்கள். பேச்சு வழக்கில் இதுதான் ரீமேப். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் கம்ப்யூட்டர் இல்லாத வடிகட்டியைச் சுத்தம் செய்ய டீசல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். வெள்ளைப் புகை, ஏறும் ஆயில் மட்டம், குறையும் மைலேஜ் எல்லாம் பின்னாலேயே வரும். சரியாகச் செய்தாலும் ஒரு நிரந்தரப் பாதகம் உண்டு. எந்தெந்தக் குறியீடுகளை அழித்தார்கள் என்பது செய்தவருக்கு மட்டுமே தெரியும். நாளைக்கு இன்ஜெக்டர் சொட்டத் தொடங்கினால் அதை முதலில் காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய பாகம் இருக்காது. சொட்டும் டீசல் பிஸ்டனின் தலையில் துளை போடும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்.

"பவர் கூடுகிறதே, அனுபவத்தில் தெரிகிறதே" என்பார்கள். அடைத்துக்கொண்டு மூச்சு முட்டியிருந்த வண்டியில் அடைப்பை எடுத்தால் நன்றாகத்தான் ஓடும். அதே வடிகட்டியைச் சுத்தம் செய்து மாட்டியிருந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு ஓடியிருக்கும். சுத்தமான வடிகட்டி எஞ்சினுக்குத் தரும் தடை சொற்பம். கூடுதலாகத் தெரியும் இழுவை பெரும்பாலும், அதே கையோடு ரீமேப்பில் டீசலையும் டர்போ அழுத்தத்தையும் ஏற்றிவிட்டதால் வருவது. மைலேஜும் அப்படித்தான். சுத்திகரிப்புக்குச் செலவாகும் டீசல் மிச்சமாகும், ஆனால் அது சின்ன அளவு.

இஜிஆரைப் பற்றிய புகாரில் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. புகையில் வரும் கரியும் எஞ்சினின் ஆயில் ஆவியும் சேர்ந்து இன்டேக் குழாயில் தார் மாதிரி படிந்து வழியைக் குறுக்கும். கூலர் கசிந்தால் கூலன்ட் உள்ளே போகும். பராமரிக்க வேண்டிய பாகம்தான் அது. அதை அடைத்துவிட்டால் இன்டேக் சுத்தமாக இருக்கும் என்பதும் உண்மை. பதிலுக்கு எரிப்பறையின் வெப்பம் ஏறி, நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாமல் கூடுகிறது. கறுப்புப் புகை வராததால் வண்டிக்காரருக்கு ஒன்றும் செய்யாத மாதிரியே தோன்றும்.

மூச்சு விடுபவர்கள் கணக்கு

டீசல் கரித்துகள்களில் பெரும்பாலானவை 100 நானோமீட்டருக்கும் சிறியவை. மூக்கின் ரோமமும் தொண்டையின் சளியும் அவற்றைத் தடுக்காது. நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போகும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை அழற்சியாக்கி ஆஸ்துமாவைத் தூண்டும். வெயிலில் ஓசோன் உருவாகவும், காற்றில் நைட்ரேட் நுண்துகள் சேரவும் அதுவே மூலப்பொருள்.

"ஊரே புகையாக இருக்கிறது, என் ஒரு வண்டியால் என்ன ஆகிவிடும்?" என்ற கேள்விக்கு எளிய கணக்கு ஒன்று போதும். வடிகட்டி நூற்றில் ஒரு துகளைத்தான் வெளியே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வடிகட்டியைக் கழற்றிய ஒரு கார் நூறு நல்ல கார்கள் சேர்ந்து விடும் அளவை ஒற்றையாக விடுகிறது. நூறு கார்களில் ஒன்றே ஒன்றில் கழற்றினாலும் மொத்தக் கரித்துகள் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். மீதி 99 பேர் பணம் கொடுத்து வாங்கி, பொறுமையாகப் பராமரித்த வடிகட்டிகளின் பயனை ஒருவர் அரை நாள் வேலையில் துடைத்துவிடலாம். வேறெந்த வாகன மாசுப் பிரச்சினையிலும் இத்தனை சிறிய எண்ணிக்கை இத்தனை பெரிய சேதம் செய்வதை நான் பார்த்ததில்லை.

கணக்குக்கு வெளியே நிஜ எண்ணும் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, பத்தாண்டுகளுக்குள் அந்நாட்டில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் மாசுக் கட்டுப்பாட்டு உபகரணங்கள் நீக்கப்பட்டிருந்தன. அந்த வகையில் ஓடும் வண்டிகளில் சுமார் 15 சதவீதம். அவை தம் ஆயுளில் கூடுதலாக விடும் நைட்ரஜன் ஆக்சைடு 5.7 லட்சம் டன், துகள் 5,000 டன் என்று மதிப்பிட்டார்கள். ஒழுங்கான பிக்கப் வண்டிகள் 90 லட்சத்துக்கும் மேல் புதிதாகச் சாலைக்கு வந்ததற்கு இது சமம் என்றும் அந்த அறிக்கை சொன்னது.

இந்த இடத்தில் ஃபோக்ஸ்வாகன் பெயர் கட்டாயம் வரும். "கம்பெனிக்காரனே ஏமாற்றினான், நான் செய்தால் மட்டும் குற்றமா?" அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு புகையை அளக்கும் கருவிகளைக் காரில் கட்டிக்கொண்டு சாலையில் ஓட்டி அளந்து, 2014-இல் முடிவுகளை வெளியிட்டது. சோதனைக்கூடத்தில் ஒழுங்காக இருந்த ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள் சாலையில் வரம்பைப் பல மடங்கு தாண்டின. 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு, சோதனையை அடையாளம் கண்டு அப்போது மட்டும் ஒழுங்காக நடக்கும் மென்பொருள் அந்தக் கார்களில் இருப்பதை வெளிப்படுத்தியது. நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைவிட 40 மடங்கு வரை போயிருந்தது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில் அது இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. மக்களின் கோபம் நியாயமானது. ஆனால் ஃபோக்ஸ்வாகன் செய்ததும், கம்ப்யூட்டரில் குறியீட்டை அழித்து வெற்று டப்பாவை மாட்டுவதும் ஒரே வகைக் காரியம்தான். முதலாவதைத் தப்பு என்று சொல்பவர் இரண்டாவதற்கு அதையே நியாயமாகக் காட்ட முடியாது.

பரிசோதனை ஏன் பிடிக்கவில்லை, இப்போது எப்படிப் பிடிக்கிறது?

நீண்ட காலமாகப் புகைப் பரிசோதனை என்பது ஆக்சிலரேட்டரை அழுத்தி, வெளிவரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று பார்ப்பதாகவே இருந்தது. கறுப்புப் புகை கக்கிய பழைய எஞ்சின்களுக்கு அது போதும். இன்றைய எஞ்சின் வடிகட்டி இல்லாமலே கண்ணுக்குச் சுத்தமாகத்தான் புகை விடும். நானோ அளவுத் துகள்கள் ஒளியை அவ்வளவாக மறைப்பதில்லை. கழற்றிய கார்கள் ஆண்டுதோறும் சான்றிதழோடு வெளியே வந்தது இதனால்தான்.

பிரிட்டனில் 2014 பிப்ரவரி முதல் ஆண்டுச் சோதனையில் வடிகட்டி இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கச் சொன்னார்கள். உடனே வெற்று டப்பாவைத் திரும்ப மாட்டும் வழக்கம் பரவியது. 2018 மே மாதத்தில் விதியை இறுக்கினார்கள்: வடிகட்டி பொருத்தி வந்த காரிலிருந்து கண்ணுக்குத் தெரியும் புகை எந்த நிறத்தில் வந்தாலும் தேர்ச்சி கிடையாது, வடிகட்டியில் கைவைத்ததற்கான அடையாளம் இருந்தாலும் கிடையாது. நெதர்லாந்தும் பெல்ஜியமும் ஜெர்மனியும் இன்னும் நேரடியான வழியைப் பிடித்தன. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது சைலன்சரில் ஒரு குழாயைச் சொருகி, ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை துகள் என்று எண்ணிவிடுகிறார்கள். நெதர்லாந்தில் 2023 ஜனவரி முதல் வரம்பு 10 லட்சம், ஜெர்மனியில் அதே ஆண்டு ஜூலை முதல் யூரோ 6 டீசல்களுக்கு 2.5 லட்சம். நல்ல வடிகட்டியுள்ள கார் பெரும்பாலும் சில ஆயிரங்களிலேயே நின்றுவிடும். கழற்றிய கார் இந்த வரம்புகளைத் தாண்டிப் போய்விடும். சில நிமிட வேலை, ஏமாற்ற வழியும் குறைவு. எல்லா நாடுகளும் இதைத்தான் பின்பற்ற வேண்டும் என்பது என் எண்ணம். சட்டம் எழுதுவதைவிட இந்த எண்ணும் கருவியை வாங்கிவைப்பதுதான் பலன் தரும்.

சட்டம் பல இடங்களில் முன்பே இருக்கிறது. அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் உபகரணத்தை நீக்குவதையும், நீக்க உதவும் கருவிகளைச் செய்து விற்பதையும் சேர்த்தே தடுக்கிறது. ஐரோப்பாவின் யூரோ 7 விதி 2026 நவம்பர் இறுதியிலிருந்து புதுக் கார் வகைகளுக்குப் பொருந்தும். கைவைக்க முடியாதபடி மென்பொருளைப் பாதுகாப்பதும், வண்டி தன் மாசைத் தானே கண்காணிப்பதும் அதில் தயாரிப்பாளரின் கடமை.

இத்தனையும் சொன்ன பிறகு, வண்டிக்காரரை மட்டும் குற்றவாளியாக்கினால் அநியாயம். தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டப்போகும் ஒருவருக்கு, மைலேஜைச் சொல்லி டீசல் காரைத் தலையில் கட்டும்போது, இந்த வடிகட்டிக்கு வாரம் ஒரு முறையாவது நீண்ட ஓட்டம் வேண்டும் என்று ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. ரீஜெனரேஷன் நடக்கும்போது "இப்போது அணைக்காதீர்கள்" என்று ஒரு சிறு விளக்கு எரிய வைப்பது பெரிய தொழில்நுட்பமே இல்லை. அதைக்கூடப் பல கார்களில் செய்யவில்லை. புது வடிகட்டி மாற்றச் சொல்லும் சர்வீஸ் சென்டர், சுத்தம் செய்தும் பயன்படுத்தலாம் என்று வாயைத் திறப்பதில்லை. அந்த மௌனத்தில்தான் கழற்றும் வியாபாரம் வளர்ந்தது.

ஆகவே மஞ்சள் விளக்கு எரிந்தால் முதல் வேலை, எஞ்சின் சூடான பிறகு அரை மணி நேரம் தடையில்லாத சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுவது. அடங்கவில்லை என்றால் ஸ்கேனரில் கரி அளவையும் சாம்பல் அளவையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். கரி என்றால் வொர்க்ஷாப்பிலேயே கட்டாய ரீஜெனரேஷன் செய்யலாம், ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு. அளவு மீறிக் கரி சேர்ந்த வடிகட்டியைக் கொளுத்திவிட்டால் வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டித் தேனடையே விரிசல் விட்டுவிடும். சாம்பல் என்றால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். வண்டியின் வாழ்க்கையே குறுகிய ஓட்டம்தான் என்றால், அடுத்த முறை டீசல் வாங்காமல் இருப்பதே சரி.

பழைய டீசல் கார் வாங்கப்போகிறவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும், முந்தைய உரிமையாளர் கழற்றியது உங்கள் தலையில்தான் வந்து விடியும். சைலன்சர் முனைக்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி வேலை செய்யும் காரில் துணி ஏறக்குறைய அப்படியே வரும், கழற்றிய காரில் கன்னங்கரேல் என்று வரும். லிஃப்டில் ஏற்றி வடிகட்டி டப்பாவைச் சுற்றிக் கையால் போட்ட வெல்டிங் கோடு இருக்கிறதா பாருங்கள், தொழிற்சாலைக் கோட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியும். ஸ்கேனரில் கரி அளவு ஓட்டத்துக்கு ஓட்டம் மாறாமல் ஒரே எண்ணில் நின்றாலோ, எஞ்சின் வேகத்தை ஏற்றியும் அழுத்த வேறுபாடு பூஜ்யத்திலேயே கிடந்தாலோ சந்தேகமே வேண்டாம். வாங்கியே விட்டீர்கள் என்றால் புது வடிகட்டியை மட்டும் மாட்டி ஓட்டாதீர்கள். மாற்றப்பட்ட மென்பொருளுக்கு அது இருப்பதே தெரியாது, சுத்திகரிப்பும் நடக்காது, சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். முதலில் தயாரிப்பாளரின் மூல மென்பொருளை ஏற்றச் சொல்லுங்கள். அப்போது இதுவரை அழுத்திவைத்திருந்த பிழைக் குறியீடுகள் வரிசையாக வெளியே வரும். அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்து முடித்த பிறகு வடிகட்டியை மாட்டி, சாம்பல் கணக்கைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள்.